கிளப் படகுகள் கூட்டாகப் போகும்போது கோளாறு வந்தால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

படகு கிளப்பின் கூட்டுப் பயணத்தில் பழுது வருவது அபூர்வமல்ல. பல மாதம் கட்டிக் கிடந்த படகுகள் ஒரே நாளில் அவிழ்க்கப்பட்டு, மணிக்கணக்கில் ஓயாமல் ஓடுகின்றன. கரையோரம் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தபோது தெரியாத நோவெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும்.

கூட்டமாகப் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியே வேறு. "உன் படகில் என்ன பழுது?" என்பதற்கு முன்னால் "நாம் எல்லாரும் சேர்ந்து என்ன செய்தோம்?" என்று கேளுங்கள். ஒரே பம்பில் டீசல் பிடித்திருப்போம். ஒரே பாசிக் கால்வாயில் புகுந்து வந்திருப்போம். ராத்திரி முழுக்க நங்கூரத்தில் நின்றபடி எல்லாரும் ஃபிரிட்ஜும் விளக்கும் ஓட்டியிருப்போம். சில மணி நேர இடைவெளியில் இரண்டாவது படகிலும் அதே அறிகுறி வந்தால் அதைத் தற்செயல் என்று விட்டுவிடாதீர்கள். மற்றப் படகுகளுக்கும் அது வந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

ஒரு படகு நின்றதும்

என்ஜின் மூடியைத் திறப்பதற்கு முன் படகைக் காப்பாற்றுங்கள். காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளுகின்றன, அங்கே பாறையோ மணல்திட்டோ கப்பல் வழியோ இருக்கிறதா என்று பாருங்கள். ஆழம் எட்டும் இடமென்றால் உடனே நங்கூரம் போடுங்கள். நின்ற படகுக்குத் துணையாக ஒரே ஒரு படகு பக்கத்தில் இருந்தால் போதும். பெரும்பாலும் அது வரிசையின் கடைசியில் வரும் வால் படகாக இருக்கும். மற்றவை விலகிப்போய்க் காத்திருக்கட்டும், அல்லது மெதுவாக மேலே போகட்டும். எட்டுப் படகு சுற்றி வளைத்து நின்றால் இன்னொரு படகின் புரொப்பல்லரில் கயிறு சிக்குவதுதான் மிச்சம்.

உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து என்றால் வி.எச்.எஃப் (கடல் ரேடியோ) 16ஆம் சேனலில் 'மேடே' என்ற ஆபத்து அழைப்பு. ஆபத்து அவ்வளவு உடனடி இல்லை, ஆனால் உதவி அவசரம் என்றால் 'பான்-பான்'. கூட்டம் கூடவே இருக்கிறது என்பதற்காக இதைத் தள்ளிப்போடக் கூடாது. நம் கூட்டத்துக்குள் பேச்செல்லாம் வேறு சேனலில் நடக்கட்டும்.

ரேடியோவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாதிக் கோளாறு அதற்கு வரும் பதிலிலேயே பிடிபட்டுவிடும்: எப்படி நின்றது? ஒரே அடியாக, சாவியைத் திருப்பி அணைத்தது மாதிரி நின்றதா? ஏறி இறங்கித் திணறி நின்றதா? சூடேறி, பலம் குறைந்துகொண்டே வந்து நின்றதா? திணறி நின்றது என்றால் பெரும்பாலும் எரிபொருள். சூடேறி நின்றது என்றால் குளிர்நீர், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் நீர். ஒரே அடியாக நின்றால், பெட்ரோல் என்ஜினிலும் மின்னணுக் கட்டுப்பாட்டு டீசலிலும் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் மோட்டார்) என்றால், ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை அணைக்கும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் கழன்றிருக்கிறதா என்று அதற்கும் முன்னால் பாருங்கள். பழைய ரக மெக்கானிக்கல் பம்பு டீசல்களில் பல, ஓட ஆரம்பித்த பிறகு மின்சாரம் இல்லாமலே ஓடும். அப்படிப்பட்டது சட்டென்று நின்றால் புரொப்பல்லரில் ஏதோ சுற்றியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்றையும் கறாராகச் சொல்லி வையுங்கள். என்ஜினில் கை வைப்பவர் ஒருவர்தான். மற்றவர்கள் யோசனை மட்டும் சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். உதவிக்கு வந்த மூன்று பேர் மூன்று ஸ்குரூவைத் திருப்பிவிட்டால், முதலில் இருந்த கோளாறு எது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அறிகுறி: நன்றாக ஓடிய என்ஜின் திணறுகிறது, ஆர்.பி.எம் ஏறி இறங்குகிறது

கூட்டுப் பயணத்தில் அதிகமாகப் பார்க்கக் கிடைப்பது இதுதான். படகு சும்மா கிடந்த மாதங்களில் டேங்கின் அடியில் தண்ணீரும் கசடும் படிந்திருக்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புக் கொழகொழப்பாகத் திரளும். கரையோர அமைதியான நீரில் அது அடியிலேயே கிடக்கும். அலை பிடித்து டேங்க் குலுங்கியதும் எல்லாம் கலங்கி ஃபில்டருக்கு வந்து அடைக்கிறது. அதனால்தான் பல படகுகளுக்கு முதல் கொந்தளிப்பான நாளிலேயே திணறல் வருகிறது.

ஃபில்டரின் அடிக்கிண்ணத்திலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி ஜாடியில் வடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காக நிற்கும். கறுப்புத் துகள் மிதந்தால் ஃபில்டரை மாற்ற வேண்டும். டேங்க் பக்கத்து முதல் ஃபில்டரில் 2 மைக்ரான் போட்டிருப்பவர்களுக்கு அது சீக்கிரம் அடைபடும். அங்கே 10 அல்லது 30 மைக்ரானும், நுண்ணியதை என்ஜின் பக்கத்திலும் வைப்பதே நல்லது என்பது என் கருத்து. என்ஜின் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி போங்கள்.

ஃபில்டரை மாற்றுவதற்கு முன் ஒரு சின்ன சோதனை. டீசல் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், அதற்குப் பிறகு என்ஜின் தெளிவாக ஓடினால் டேங்கின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. பூச்சிக் கூடு, உப்பு, மடங்கிய ஹோஸ் எதுவாகவும் இருக்கலாம். ஃபில்டர் அதுவரை நிரபராதி.

அவுட்போர்டில் எரிபொருள் ஹோஸிலுள்ள கைப்பம்பு பல்பே பாதி விடையைச் சொல்லிவிடும். பல்பு உறிஞ்சப்பட்டு ஒட்டிக் கிடந்தால் டேங்க் பக்கத்தில் அடைப்பு, அல்லது டேங்கின் காற்றுத் திருகு மூடியிருக்கிறது. எவ்வளவு அழுத்தியும் கெட்டியாகவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது டேங்க் காலி. கெட்டியாகியும் என்ஜின் எடுக்கவில்லை என்றால் பல்புக்கு அந்தப் பக்கம் தேடுங்கள்.

டீசலில் ஃபில்டரை மாற்றினால் காற்று புகுந்திருக்கும். ஏர் எடுத்தாக வேண்டும். மெக்கானிக்கல் பம்பு என்ஜின்களுக்கான வரிசை இது:

1. புது ஃபில்டர் கிண்ணத்தைச் சுத்தமான டீசலால் நிரப்பி மாட்டுங்கள்.
2. என்ஜின் மேலுள்ள இரண்டாம் ஃபில்டரின் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பு நெம்பை அடியுங்கள். குமிழி நின்று தெளிந்த டீசல் வந்ததும் இறுக்குங்கள்.
3. இன்ஜெக்ஷன் பம்பின் ஏர் ஸ்குரூவிலும் அதே வேலை.
4. அப்போதும் எடுக்கவில்லை என்றால் இன்ஜெக்டர் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்குங்கள்.

நான்காவது படியைக் காமன் ரெயில் என்ஜினில் (உயர் அழுத்த டீசலைப் பொதுக் குழாயில் தேக்கி இன்ஜெக்டர்களுக்குக் கொடுக்கும் வகை) செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உடம்புக்குள் இறங்கிவிடும். அந்த வகை என்ஜினுக்கு அதன் கையேட்டில் உள்ள முறை மட்டும்தான்.

இங்கே பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. புகைக்குழாய்க்குள் கடல்நீரைக் கலந்து வெளியேற்றும் என்ஜின்களில், ஸ்டார்ட் ஆகாமலே நெடுநேரம் செல்ஃப் அடித்தால் நீர்ப்பம்பு மட்டும் தண்ணீரை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளப் புகை இல்லை. சைலன்ஸர் நிரம்பி, தண்ணீர் சிலிண்டருக்குள் திரும்பினால் என்ஜினே போய்விடும். ஆகவே பலமுறை செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு அடியுங்கள். என்ஜின் எடுத்த கணமே திறக்க ஒருவரை வால்வுப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள்.

பெட்ரோல் இன்போர்டில் (படகுக்குள் பொருத்திய என்ஜின்) பெட்ரோல் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். மூடிகளைத் திறந்து, கசிவைக் கண்டுபிடித்துத் துடைத்து, நன்றாகக் காற்றோட்டம் விடுங்கள். வாடையே இல்லாத நாளிலும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் குறைந்தது 4 நிமிடம் புளோயர் (என்ஜின் அறைக் காற்றை வெளியேற்றும் மின்விசிறி) ஓட வேண்டும்.

இனி, கூட்டத்துக்கான வேலை. ஒரு படகின் ஜாடியில் தண்ணீர் தெரிந்தால் அதே பம்பில் எரிபொருள் பிடித்த எல்லாருக்கும் ரேடியோவில் சொல்லுங்கள். எல்லாரும் தங்கள் கிண்ணங்களைப் பார்க்கட்டும். இரண்டு டேங்க் உள்ளவர்கள் பழைய எரிபொருள் இருக்கும் டேங்குக்கு மாறலாம். யாரிடம் எந்த அளவு உபரி ஃபில்டர் இருக்கிறது என்று அப்போதே கணக்கெடுங்கள். கிளம்புவதற்கு முன்பே அந்தக் கணக்கை எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஒரே என்ஜின் மாடல் வைத்திருப்பவர்கள் கிளப்பில் பெரும்பாலும் இருப்பார்கள்.

அறிகுறி: காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

நங்கூரத்தில் கழிந்த இரவுக்குப் பிறகு வருவது. சாவியைத் திருப்பும்போது கேபின் விளக்கைக் கவனியுங்கள்.

டக் டக் டக் என்று வேகமாக அடித்து விளக்கு மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள்; அசைந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். விளக்கு மங்காமல் ஒரு டக் மட்டும் கேட்டால் சோலினாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) அல்லது ஸ்டார்ட்டர். விளக்கு சட்டென்று மங்கி, டொக்கென்ற கனத்த சத்தத்தோடு என்ஜின் இறுகி நின்றால் சாவியை மறுபடி திருப்பாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருக்கலாம். சத்தமே இல்லை என்றால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பேட்டரி மெயின் சுவிட்ச் போட்டிருக்கிறதா, பாதுகாப்புக் கயிறு மாட்டியிருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6, 12.7 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம், அல்லது இணைப்பில் தடை. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். அதற்கும் கீழேயே நின்றால் ஆல்டர்னேட்டர் பெல்ட்டைப் பாருங்கள்.

கூட்டத்தின் வேகமும் இதில் சேரும். மெதுவான படகுக்காக எல்லாரும் குறைந்த ஆர்.பி.எம்மில் நாள் முழுக்கப் போனால், ஆல்டர்னேட்டர் கொடுப்பதை விட ஃபிரிட்ஜும் சார்ட் பிளாட்டரும் (வழி காட்டும் மின்னணு வரைபடம்) ஆட்டோபைலட்டும் அதிகம் இழுக்கலாம். என்ஜின் ஓடிக்கொண்டுதானே இருந்தது என்று நினைத்தவருக்கு மறுநாள் காலையில் பேட்டரி காலி. டூ-ஸ்டிரோக் அவுட்போர்டுகளுக்கும் இந்த மெது ஓட்டம் ஆகாது, ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். பாதுகாப்பான அகலமான நீர் கிடைக்கும்போது அவர்களைக் கொஞ்ச நேரம் முன்னால் ஓடவிட்டுத் திரும்ப வரச் சொல்லுங்கள்.

படகிலிருந்து படகுக்கு நீண்ட வயர் இழுத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு படகும் அசையும், வயர் உருவிக்கொள்ளும், பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி பறக்கும். சார்ஜ் ஏற்றிய ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றை வால் படகில் வைத்திருங்கள். என்ஜின் ஓடும்போது மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடும்.

அறிகுறி: சூடு ஏறுகிறது, அலாரம் அடிக்கிறது

மீட்டரை வெறித்துப் பார்ப்பதற்கு முன் பின்பக்கம் ஓடி புகைக்குழாயைப் பாருங்கள். தண்ணீர் வழக்கம்போல் கொட்டுகிறதா?

கொட்டவில்லை, அல்லது சொட்டுகிறது என்றால் என்ஜினை உடனே நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் ரப்பர் புகைக்குழாயே கருகிவிடும். பிறகு நீர் வரும் வழியிலேயே போங்கள்: கடல்நீர் வால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டியில் பாசி நிரம்பியிருக்கிறதா, வடிகட்டி மூடியின் ரப்பர் வளையம் காற்று இழுக்கிறதா, கடைசியாக இம்பெல்லர் (நீர்ப்பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம்). இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் உடைந்திருந்தால் புதியதைப் போடுவது பாதி வேலைதான். உடைந்த இதழ்களை எண்ணித் தேடி எடுங்கள். அவை ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (கடல்நீரால் கூலன்டைக் குளிர்விக்கும் பாகம்) வாயில் போய் அடைத்திருக்கும், இரண்டு நாள் கழித்து மறுபடி சூடேற்றும். நிறுத்தினால் சரியாகி, ஓட ஆரம்பித்ததும் திரும்ப வருகிறது என்றால் நீர் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டிருக்கலாம்; நின்றதும் நழுவி, ஓடியதும் ஒட்டும்.

தண்ணீர் நன்றாகக் கொட்டியும் சூடு ஏறினால், கோளாறு உள்சுற்றில், அதாவது என்ஜினுக்குள் கூலன்ட் சுற்றும் வழியில். கூலன்ட் அளவு, பெல்ட், தெர்மோஸ்டாட். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும். ஆறவிடுங்கள், அதற்கு முக்கால் மணி நேரம் ஆனாலும் சரி.

அவுட்போர்டில் பக்கவாட்டில் பீய்ச்சும் சாட்சி நீர் (குளிர்நீர் ஓடுவதைக் காட்டும் பீய்ச்சல்) நின்றால் முதலில் அந்தத் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். பல நேரம் அடைப்பு அங்கேதான்.

ஆழம் குறைந்த, பாசி நிறைந்த நீரில் வரிசையாகப் போகும்போது முன் படகு கிளப்பிய சேற்றைப் பின் படகு உறிஞ்சுகிறது. வரிசையின் பின்பாதிதான் அதிகம் சூடேறுகிறது என்றால் காரணம் இதுதான். நேர் பின்னால் போகாமல் சற்று விலகி, இடைவெளி விட்டுப் போகச் சொல்லுங்கள். அந்தப் பகுதியைக் கடந்ததும் எல்லாருமே ஒருமுறை வடிகட்டியைத் திறந்து சுத்தம் செய்யட்டும், சூடேறாதவர்கள் உட்பட.

புகை நிறத்தைப் பின்னால் வரும் படகுதான் தெளிவாகப் பார்க்கும். பார்த்ததும் சொல்ல வேண்டும். கறுப்பு என்றால் சுமை அதிகம், அல்லது காற்று போதவில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் எரியாத டீசல், அல்லது நீராவி. சூடும் சேர்ந்து ஏறினால் நீராவிதான்.

அறிகுறி: என்ஜின் ரேஸாகிறது, படகு நகரவில்லை

கியர் கேபிள் அறுந்திருக்கலாம். என்ஜினை நிறுத்திவிட்டு, கியர்பாக்ஸின் மேலுள்ள நெம்பைக் கையால் முன்கியருக்குத் தள்ளிப் பாருங்கள். அப்படியே கரை சேரலாம், ஆனால் நிறுத்தவும் பின்னுக்குப் போகவும் ஒருவர் கீழேயே இருக்க வேண்டும். கியர் விழுந்து ஷாஃப்ட் சுற்றியும் படகு நகரவில்லை என்றால் புரொப்பல்லரில் கோளாறு. அவுட்போர்டில் புரொப்பல்லரின் நடுவிலுள்ள ரப்பர் பிடி வழுக்கியிருக்கலாம். மெதுவாக ஓட்டினால் பிடிக்கும், வேகம் கொடுத்தால் வழுக்கும். சிறிய மோட்டாரில் ஷியர் பின் (புரொப்பல்லர் எதிலாவது மோதினால் முதலில் உடையும் சின்ன ஊசி) உடைந்திருக்கும்.

புரொப்பல்லரில் கயிறு என்றால் சாவியை எடுத்து, தண்ணீரில் இறங்குபவரின் கையிலோ பையிலோ கொடுங்கள். அலை இருக்கும்போது இறங்க வேண்டாம். ஏறி இறங்கும் பின்பக்கம் தலையில் அடித்துவிடும். கயிற்றின் நுனி மேலே கிடைத்தால் மெல்ல இழுத்தபடி, உள்ளிருந்து ஷாஃப்டை எதிர்ப்பக்கம் கையால் சுற்றிப் பாருங்கள். எடுத்த பிறகும் அதிர்வு இருந்தால் இதழ் வளைந்திருக்கிறது, அல்லது என்ஜின் மவுன்ட் விட்டிருக்கிறது. வேகத்தைக் குறைத்தே போங்கள்.

அறிகுறி: ஸ்டீரிங் பிடி கொடுக்கவில்லை

இறுகிப்போய்த் திரும்பவில்லை என்றால் முதலில் ஆட்டோபைலட் போட்டபடி இருக்கிறதா பாருங்கள். சக்கரம் வெறுமனே சுற்றினால் ஹைட்ராலிக் ஆயில் கசிந்திருக்கிறது, அல்லது கேபிள் போயிருக்கிறது. அவசரச் சுக்கான் கைப்பிடி இருந்தால் மாட்டுங்கள். இரட்டை என்ஜின் உள்ளவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துத் திருப்பலாம். வரிசையில் இருந்தால் இதை முதலில் ரேடியோவில் சொல்லுங்கள், பக்கத்துப் படகுகள் விலகட்டும்.

அறிகுறி: பில்ஜ் பம்பு (படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பம்பு) நிற்காமல் ஓடுகிறது

இதையும் ஓட்டுபவரை விடப் பக்கத்துப் படகுதான் முன்னால் கவனிக்கும்; பக்கவாட்டிலிருந்து தண்ணீர் விடாமல் கொட்டும். தயங்காமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடலில் போகும்போது உப்பில்லாத நீர் என்றால் குடிநீர் டேங்கோ மழைநீரோ. உப்பு என்றால் என்ஜினை நிறுத்தியதும் வரத்து நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் குளிர்நீர் ஹோஸ், புகைக்குழாய், ஷாஃப்ட் சீல். நிற்கவில்லை என்றால் அடித்துளைகள், அதாவது படகின் உடலில் வால்வு பொருத்திய துளைகள். எல்லா வால்வுகளையும் மூடி, ஒவ்வொரு ஹோஸாகத் தடவிப் பாருங்கள். பழைய பேக்கிங் வகை ஷாஃப்ட் சீல், ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விடுவது கோளாறல்ல. நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 25 மி.மீ. துளை இருந்தாலே நிமிடத்துக்கு 60 லிட்டர் அளவுக்கு உள்ளே வரும். பம்பு சமாளிக்கும் என்று காத்திருக்காமல், ஒவ்வொரு வால்வுப் பக்கத்திலும் கட்டி வைத்திருக்கும் மரக்கட்டையைத் துளையில் அடித்து இறுக்குங்கள்.

அறிகுறி: என்ஜினுக்கு ஒன்றுமில்லை, ஆட்களுக்குத் தலைவலி

படகுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டி நிற்கும்போது ஒருவரின் ஜெனரேட்டர் புகை அடுத்தவரின் கேபினுக்குள் போகும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் எல்லாம் கடல் ஒவ்வாமை மாதிரியே இருக்கும். கட்டி நிற்கும் படகில், அதுவும் ஒரே கேபினில் இருவருக்கு மேல் அப்படி இருந்தால் உடனே எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். கட்டியிருக்கும் எல்லாப் படகுகளின் என்ஜினையும் ஜெனரேட்டரையும் நிறுத்துங்கள். மயக்கம் இருந்தால் 'மேடே'தான். மெதுவாக ஓடும்போது பின்திரை மட்டும் திறந்து முன்பக்கம் மூடியிருந்தாலும் புகை உள்ளே இழுக்கப்படும். முன் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பேட்டரியில் ஓடும் அலாரம் ஒவ்வொரு கேபினிலும் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

சரியாகவில்லை, இழுக்க வேண்டும்

நைலான் கயிறு நீளும், அதனால் அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வரும், கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. இழுக்கும் படகில் இரண்டு பக்கத்துக் கட்டுமுனைகளிலிருந்தும் கயிறு வந்து நடுவில் சேரட்டும். இரண்டு படகும் ஒரே நேரத்தில் அலை ஏறி ஒரே நேரத்தில் இறங்கும்படி நீளத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டு பக்கமும் கையில் கத்தி. மெதுவாக ஆரம்பித்து மெதுவாகவே போங்கள். துறைக்குள் நுழையும் முன் கயிற்றைச் சுருக்கி, படகைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு போவது கையாள எளிது.

நடுவழியில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்த படகை மறுநாள் வரிசையில் கடைசிக்கு முந்தைய இடத்தில் விடுங்கள், வால் படகின் கண்ணுக்கு நேர் முன்னால். எந்தப் படகில் எந்த அறிகுறி, என்ன கண்டோம், என்ன மாற்றினோம், எந்த உபரிப் பாகம் தீர்ந்துபோனது என்று அன்று மாலையே ஒரு தாளில் எழுதி எல்லாப் படகுக்கும் கொடுத்துவிடுங்கள்.